கிணற்று நீர் யாருக்குச் சொந்தம்?
(புன்செய் நிலங்களும் நீர் உரிமைச் சட்டமும்)

இயற்பியல், இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு

கிணற்றை விற்றவன் கதையை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். ஒருவன் தன் கிணற்றைப் பக்கத்து உழவனுக்கு விற்றான். மறுநாள் உழவன் தண்ணீர் இறைக்க வந்தபோது, "கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை" என்று தடுத்தான். "அப்படியானால் என் கிணற்றில் கிடக்கும் உன் தண்ணீரை உடனே எடுத்துக்கொண்டு போ" என்று தீர்ப்பாயிற்று. இதைச் சிலர் மரியாதைராமன் கதை என்பர். சிலர் பீர்பால் கதை என்பர். கேட்டவர் அனைவரும் சிரிப்பர்.

ஆனால் அக்கதையில் நகைச்சுவைக்கு அப்பாற்பட்ட ஒரு வினா இருக்கிறது. கிணறு என்பது மண்ணில் வெட்டிய குழி. அது உரியவனுக்குச் சொந்தம் என்பதில் ஐயமில்லை. அக்குழிக்குள் ஊறி வரும் தண்ணீர் யாருக்குச் சொந்தம்? நிலத்துக்கு உடையவனுக்கா, ஊருக்கா, அரசுக்கா? மழையை நம்பியும் கிணற்றை நம்பியும் வாழும் புன்செய் உழவர்களின் வாழ்வும் தாழ்வும் இந்த ஒரு வினாவிற்கான விடையைப் பொறுத்தே அமைந்திருக்கின்றன என்றால் அது மிகையன்று. அந்த விடை நம் நாட்டில் எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நன்செயும் புன்செயும்

ஏரி, ஆறு, கால்வாய் ஆகியவற்றின் நீரைப் பெறும் நிலம் நன்செய். மழையையும் கிணற்றையும் நம்பிய நிலம் புன்செய். சோளமும் கம்பும் துவரையும் நிலக்கடலையும் விளைவது இங்கேதான். "வானம் பார்த்த பூமி" என்று நம் மக்கள் சொல்வது வெறும் உவமை அன்று. வானத்தைத் தவிர வேறு எதையும் உரிமையோடு பார்க்க இயலாத பூமி என்பதே அதன் பொருள்.

ஏரி நீரைப் பொறுத்தவரை நம் முன்னோர் தெளிவான முறைகளை வகுத்திருந்தனர். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை அவை கூறுகின்றன. ஏரியின் கரையைக் காப்பதும் மதகைப் பழுது பார்ப்பதும் ஊரின் பொறுப்பாக இருந்தன. பிற்காலத்தில் இவ்வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். மடை திறப்பதற்கும் வயலுக்கு வயல் முறை வைத்து நீர் பாய்ச்சுவதற்கும் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் முதலிய பெயர்களில் ஊர்தோறும் ஆட்கள் இருந்தனர். இவ்வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் நிலமற்ற எளிய மக்களே என்பதையும், நீரைப் பங்கிட்டவர்களுக்கு அந்நீரில் பங்கு இருந்ததில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறைகள் சட்டங்களாக மாறின. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், வழக்கமாகச் செய்ய வேண்டிய குடிமராமத்தைச் செய்யாதவரிடம் அவ்வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கைத் தண்டமாக வசூலிக்க வழி செய்தது. ஊர் மக்கள் கூடித் தாமே செய்த பணி, அரசு கட்டாயப்படுத்தும் பணி ஆயிற்று. 1865-இல் சென்னை நீர்ப்பாசனத் தீர்வைச் சட்டம் வந்தது. அரசுக்கு உரிய ஆறு, ஓடை, ஏரி, கால்வாய் ஆகியவற்றிலிருந்து நீரெடுத்துப் பாசனம் செய்தால் அதற்குத் தனித் தீர்வை செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். நிலவரிக் கணக்கில் நன்செய் என்று பதியப்பட்ட நிலத்துக்கு நீர் கிடைப்பது வழக்கப்படியான உரிமை. புன்செய் என்று பதியப்பட்ட நிலமோ அதே ஏரிக்கரையை ஒட்டிக் கிடந்தாலும் அந்நீரில் உரிமை கொண்டாட முடியாது. எடுத்தால் தீர்வை; இசைவின்றி எடுத்தால் தண்டத் தீர்வை.

அச்சட்டத்தில் ஒரு செய்தி என் கவனத்தைக் கவர்ந்தது. பின்னர் திருத்தப்பட்ட வடிவில், நீர் நேராகப் பாய்ந்தாலும் சரி, பக்கத்து நிலத்தின் வழியே கசிந்து வந்தாலும் சரி, பயிருக்குப் போதிய பயன் கிடைத்தால் தீர்வை உண்டு என்று அது கூறுகிறது. அதாவது மண்ணுக்குள் நீர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்கிறது என்பது வரி வாங்கிய அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஏரி நீர் இல்லாத உழவனுக்கு எஞ்சியது கிணறு ஒன்றே. தன் சொந்தச் செலவில் கிணறு வெட்டிப் புன்செயில் பயிரிட்டால் அதற்காக நன்செய்த் தீர்வை கேட்பதில்லை என்பது சென்னை மாகாண அரசின் கொள்கையாக இருந்தது. ஏற்றமும் கவலையும் பூட்டி, காளைகளைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்டி இறைத்த கிணற்று நீர், அரசு கைவைக்காத நீராக இருந்தது. புன்செய் உழவனின் தன்மானம் அக்கிணற்றில் இருந்தது எனலாம்.

இங்கிலாந்திலிருந்து வந்த விதி

அக்கிணற்று நீரைப் பற்றிய விதி நம் ஊர்களிலிருந்து எடுக்கப்படவில்லை. அது இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிறந்தது. அங்கே ஒருவர் தம் பருத்தி ஆலைக்காகக் கிணறு வெட்டி நீர் எடுத்து வந்தார். சற்றுத் தொலைவில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியவர்கள் நீரை வெளியேற்றவே அவருடைய கிணறு வற்றியது. ஆக்டன் எதிர் பிளண்டல் என்ற அவ்வழக்கில் 1843-இல் தீர்ப்பு வந்தது. மண்ணுக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்பதை எவரும் அறிய இயலாது. ஆகவே தன் நிலத்தில் தோண்டுபவன் அங்குக் கிடைக்கும் நீரை எடுத்துக்கொள்ளலாம். அதனால் அயலான் கிணறு வற்றினால் அது இழப்புதானே தவிர, வழக்கிடத்தக்க தீங்கு ஆகாது என்று முடிவாயிற்று. 1859-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வேறொரு வழக்கில் இதனையே உறுதி செய்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆற்று நீரில் ஆலை ஓட்டியவர், நகர நிர்வாகம் தோண்டிய கிணற்றால் ஆற்று நீர் குறைந்ததென்று தொடுத்த வழக்கு அது. அவருக்கும் பரிகாரம் கிட்டவில்லை.

இவ்விதி 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் வாயிலாக நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணம் ஒன்று. மத்திய மாகாணமும் குடகும் மற்றவை. அதன் 7-ஆம் பிரிவின் விளக்கங்களுள் ஒன்று, வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளவும் பயன்படுத்திக்கொள்ளவும் ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உரிமை உண்டு என்கிறது.

அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, இருபது ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்த வழிநடை, காற்று, வெளிச்சம் போன்றவை உரிமை ஆகிவிடும். ஆனால் 17-ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்தது: வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீருக்கு இவ்வாறு அனுபவ உரிமை கிடையாது. எனவே பாட்டன் காலத்திலிருந்து நூறு ஆண்டுகள் ஒரு கிணற்றில் இறைத்து வந்தாலும், அக்கிணற்றில் நீர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உழவனுக்கு இல்லை. இறைக்கும் உரிமை உண்டு. இருக்கும் உரிமை இல்லை. அயலான் ஆழமாகத் தோண்டும் நாள் வரைதான் அவ்வுரிமைக்கு உயிர்.

வரி வாங்கும்போது மண்ணுக்குள் கசியும் நீரின் வழி தெரிந்தது. உரிமை வழங்கும்போது அவ்வழி தெரியாமல் போயிற்று! இதுதான் நம் புன்செய் நிலங்களின் நீர்ச் சட்ட வரலாற்றில் நான் கண்ட பெரும் முரண்பாடு.

அறிவியல் சொல்வது என்ன?

நிலத்தடி நீரின் ஓட்டம் மறைபொருள் என்ற கருத்து 1843-இல் ஓரளவு மன்னிக்கத்தக்கது. ஆனால் 1856-இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி, டிஜோன் நகரின் குடிநீர்த் திட்டம் பற்றிய தம் நூலில், மணல் நிரப்பிய குழாய்களின் வழியே நீரைச் செலுத்திப் பார்த்த சோதனைகளை வெளியிட்டார். மணலின் வழியே ஓடும் நீரின் அளவு, இரு முனைகளின் நீர்மட்ட வேறுபாட்டிற்கு நேர் விகிதத்திலும், இடைப்பட்ட தொலைவிற்கு எதிர் விகிதத்திலும் இருக்கிறது என்பது அவர் கண்ட விதி. கம்பியில் மின்னோட்டத்தைப் பற்றி ஓம் கண்ட விதியை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். மின்னழுத்த வேறுபாட்டின் இடத்தில் நீர்மட்ட வேறுபாட்டை வைத்தால் இரண்டும் ஒரே வடிவம்தான்.

இதன் பொருள் எளியது. ஒரு கிணற்றில் நீரை இறைத்தால் அதைச் சுற்றியுள்ள நீர்மட்டம் புனல் போலக் குழிகிறது. இறைக்கும் அளவும் ஆழமும் கூடக்கூட அக்குழிவு அகன்று, பக்கத்துக் கிணற்றின் அடியையும் தொடுகிறது. அப்போது பக்கத்துக் கிணற்றை நோக்கி ஓட வேண்டிய நீர் ஆழமான கிணற்றை நோக்கித் திரும்புகிறது. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. அளந்து, கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். நம் சட்டம் டார்சியின் விதி வெளிவந்து 26 ஆண்டுகளுக்குப் பின்னர் இயற்றப்பட்டது. ஆயினும் 1843-இன் அறியாமையையே அது தன் அடிப்படையாகக் கொண்டது.

இங்கே இன்னொன்றையும் கருத வேண்டும். இங்கிலாந்தில் மழை மிகுதி, இங்கே மழை குறைவு என்று பலர் நினைப்பர். அளவை மட்டும் பார்த்தால் அது சரியன்று. லண்டன் நகரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. நம் சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு மாதங்களும் பரவிப் பெய்கிறது. இங்கே பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அங்கே வற்றிய கிணறு சில வாரங்களில் ஊறலாம். இங்கே வற்றினால் அடுத்த ஐப்பசிவரை காத்திருக்க வேண்டும். மேலும் தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப் பாறை. பாறையின் வெடிப்புகளில்தான் நீர் தங்குகிறது. சேமிப்பு குறைவு, ஒருவர் எடுப்பது மற்றவரை விரைவில் தாக்கும். இத்தகைய நிலத்துக்கு, "தோண்டியவன் எடுத்துக்கொள்ளட்டும்" என்ற விதி எப்படிப் பொருந்தும்?

வறண்ட நாடுகள் கண்ட வழி

பொருந்தாது என்பதை உலகின் பிற வறண்ட பகுதிகள் எப்போதோ உணர்ந்தன. நம் வசதியுரிமைச் சட்டம் பிறந்த அதே 1882-இல், அமெரிக்காவின் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அது ஆற்று நீர் பற்றியது. கரையோர நிலத்துக்கே ஆற்று நீரில் உரிமை என்ற ஆங்கிலேய விதி தங்கள் வறண்ட நாட்டிற்கு ஏற்றதன்று என்று கூறிய அந்நீதிமன்றம், முதலில் நீரைப் பயனுக்குக் கொண்டு வந்தவனுக்கே முதல் உரிமை என்று தீர்ப்பளித்தது.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை கலிபோர்னியாவின் 1903-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நமக்கு மிகவும் நெருக்கமானது. சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கில் ஊற்றுக் கிணறுகளைக் கொண்டு உழவு செய்து வந்தவர்கள், அருகில் ஒருவர் நீரை எடுத்துத் தொலைவிலுள்ள நிலங்களுக்கு விற்பதால் தங்கள் கிணறுகள் குறைகின்றன என்று முறையிட்டனர். ஆங்கிலேய விதியை அந்நீதிமன்றம் கைவிட்டது. ஒரே நீர்த்தாங்கியின் மேல் நிலம் வைத்திருப்பவர் அனைவரும் அந்நீரில் பங்காளிகள். ஒவ்வொருவரும் நியாயமான அளவே எடுக்கலாம். தம் தேவைக்கு மேல் எடுத்து வெளியே விற்று மற்றவரை வாட்டக் கூடாது என்று நெறி வகுத்தது.

இஸ்ரேல் 1959-இல் தன் நாட்டின் நீர் முழுவதையும் பொது உடைமை ஆக்கியது. எல்லாவற்றினும் வியப்பு, அவ்விதியைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே 1963-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டத்தால் ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் எடுப்பதற்கு உரிமம் பெற வேண்டும் என்று ஆக்கிக்கொண்டதுதான். தாய்வீட்டில் கட்டுக்குள் வந்த விதி நம் வீட்டில் கட்டின்றி வாழ்ந்தது.

கவலையிலிருந்து ஆழ்குழாய்க்கு

கவலை இறைத்த காலத்தில் இவ்விதியின் கொடுமை வெளியே தெரியவில்லை. இரண்டு காளைகள் ஒரு நாளில் எவ்வளவு இறைக்க முடியும்? மாட்டின் களைப்பே சட்டமாக நின்று நீரைக் காத்தது. மின்சாரப் பம்பு வந்தது, களைப்பு நீங்கியது. பாறையைத் துளைக்கும் ரிக் வண்டி வந்தது. ஆழத்துக்கு எல்லை நீங்கியது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆயிற்று. அது ஏழை உழவனுக்குக் கிடைத்த பெரும் துணை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் ஆழமாகத் தோண்டப் பணமுள்ளவனுக்கே அதன் பயன் மிகுதியாகப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 18 லட்சம் கிணறுகள் இருப்பதாகக் கணக்கு. 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 1,166 பிர்காக்களில் 462, ஊறும் நீரைவிட மிகுதியாக எடுக்கும் பிர்காக்கள்.

இப்புள்ளிவிவரத்திற்குள் எங்கள் குடும்பமும் அடக்கம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் புன்செய் இருந்தது. என் பாட்டனார் வெட்டிய அறுபது அடிக் கிணற்றில் நாங்கள் ஒரு பங்கு. பெரியப்பா வீட்டார் ஒரு பங்கு. ஒரு நாள் அவர்களுக்கு, ஒரு நாள் எங்களுக்கு என்று முறை வைத்து இறைத்தோம். பத்திரத்திலேயே "கிணற்றில் சரிபாதி பாத்தியம்" என்று எழுதியிருக்கிறது. முறை நாளில் மாற்றி இறைத்தால் கேட்க ஊரில் நாலு பேர் இருந்தார்கள்.

வரப்புக்கு அப்பால் இருந்த தோட்டத்தை வேறொருவர் வாங்கினார். அறுநூறு அடிக்கு மேல் ஆழ்குழாய் போட்டார். இரண்டாம் கோடையில் எங்கள் கிணற்றில் பாறை தெரிந்தது. உள்ளே பக்கவாட்டில் துளை போட்டுப் பார்த்தார் அப்பா; கடன்தான் ஊறியது. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "முறையை மீறினால் கேட்கலாம் என்று பத்திரம் சொல்கிறதே, இவரைக் கேட்க முடியாதா?" என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டார். "அவர் தம் நிலத்தில்தானே போர் போட்டிருக்கிறார்?" என்பதே கிடைத்த விடை. சட்டப்படி அது சரியான விடை. அந்த மனிதர்மீதும் எனக்குக் கோபமில்லை. சட்டம் அனுமதித்ததைத்தான் அவர் செய்தார். நாங்கள் சென்னைக்கு வந்தோம். அப்பா இப்போது தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் சரக்குக் கட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். டார்சியின் விதியைப் படித்த அன்று, அப்பா கேட்ட கேள்வி தவறானதன்று, சட்டம் சொன்ன விடைதான் காலாவதியானது என்று அறிந்தேன்.

மாநகரும் நீரும்

சென்னையில் வாழும் நமக்கு இது எங்கோ வறண்ட சீமையின் கதை என்று தோன்றலாம். தியாகராய நகரே ஓர் ஏரியின் மேல் எழுந்த ஊர் என்பதை நண்பர்கள் அறிவார்களா? நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரி பழைய வரைபடங்களில் காணப்படுகிறது. அதன் ஒரு பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றே பெயர். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் மாம்பலத்து ஏரி வடிக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரால் புதிய நகர் அமைந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைக் காட்சியைப் பெயரில் மட்டும் தாங்கிய லேக் வியூ சாலையும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு சாலையும் இன்றும் உள்ளன. ஏரி போயிற்று; பெயர் நின்றது.

ஏரி போன இடத்தில் மாநகரம் கிணற்றையும் குழாயையும் நம்பியது. அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பகுதிகளில் கடற்கரை மணலுக்குள் நன்னீர் இருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரை விடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு மிகுதி. ஆகவே கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அது அழுத்தி நிறுத்தும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறும். வட சென்னைக்கு அப்பால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்தது இத்தகைய நிலையால்தான்.

இதைக் கண்டு அரசு 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. நகரிலும் அட்டவணையிலுள்ள கிராமங்களிலும் கிணறு தோண்ட அனுமதி. வீட்டுத் தேவை அல்லாத பயனுக்கு நீரெடுக்க உரிமம். லாரியில் கொண்டு செல்லவும் உரிமம் என்று அது விதித்தது. நில உரிமையாளன் தன் எல்லைக்குள் எடுப்பதையும் பொதுநலனுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பதைத் தமிழ்நாடு சட்டமாக ஏற்றுக்கொண்ட முதல் பெரும் படி இது. 2003-இல் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பும் கட்டாயம் ஆயிற்று.

மாநிலம் முழுவதற்குமான நிலத்தடி நீர்ச் சட்டமும் அதே 2003-இல் இயற்றப்பட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலேயே பத்தாண்டுகள் கிடந்து, 2013-இல் நீக்கப்பட்டது. மாநகரின் குடிநீருக்கு ஒரு சட்டம் நின்றது. புன்செய்க் காட்டின் கிணற்றுக்கு எழுதிய சட்டம் தொட்டிலிலேயே முடிந்தது. 2019 சூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, சுற்றுவட்டார விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்கு வாங்கிய நீரும் நகரின் தாகம் தீர்த்தது. நாமும் அதைக் குடித்தோம். விற்றவருக்குப் பணம் கிடைத்தது. அவருக்குப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிடைத்தது என்ன என்று எவரும் கேட்கவில்லை. கலிபோர்னியா 1903-இல் கேட்ட கேள்வி அது.

நீதிமன்றமும் பிற மாநிலங்களும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நம் எல்லையை ஒட்டிய பிளாச்சிமடையில் அக்கேள்வி எழுந்தது. குளிர்பானத் தொழிற்சாலை ஒன்று ஆழ்குழாய்களால் நீரெடுப்பதை எதிர்த்து மக்கள் போராடினர். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்கள் அனைவரின் செல்வம். அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003 டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தடை செய்யும் சட்டம் இல்லாத நிலையில் நில உரிமையாளர் நியாயமான அளவு எடுக்கலாம் என்றது. ஒரே கிணற்றுக்கு இரண்டு விடைகள்! சட்டமன்றம் பேசாத இடத்தில் நீதிமன்றம் இப்படித்தான் தடுமாற நேரும்.

நீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மத்திய அரசு 1970 முதல் மாதிரி மசோதாக்களை அனுப்பி வந்திருக்கிறது. மகாராட்டிரம் 1993-இல், பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் இசைவின்றிக் கிணறு வெட்டக் கூடாது என்று விதித்தது. ஆந்திரம் 2002-இல் நீர், நிலம், மரங்கள் மூன்றையும் இணைத்துச் சட்டம் செய்து கிணறுகளைப் பதிவு செய்ய ஆணையிட்டது. வழிகள் இல்லாமல் இல்லை.

ஊரே ஒரு கூட்டுக் கிணறு

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. ஒரே கிணற்றில் இருவருக்குப் பங்கு இருந்தால் நம் வழக்கமும் சட்டமும் முறை வைத்து நீதி வழங்குகின்றன. இரண்டு கிணறுகள் ஒரே நீரில் இறங்கினால் இரண்டும் கைகட்டி நிற்கின்றன. ஆனால் அறிவியலின் கண்ணுக்கு இவ்விரண்டும் வேறு வேறு அல்ல. ஒரே பாறை வெடிப்பில் ஊறும் நூறு கிணறுகளும் நூறு வாய் கொண்ட ஒரே கிணறுதான். ஊரே ஒரு கூட்டுக் கிணறு என்று சட்டம் கருதத் தொடங்கினால் போதும். மீதியை நம் உழவர்களின் முறை வழக்கமே சொல்லிக் கொடுக்கும்.

அதற்கு வேண்டியவை சில. பிர்காதோறும் ஊறும் நீரின் அளவை ஆண்டுதோறும் அளந்து, ஊர்ச் சாவடியில் எழுதி வைத்தல் வேண்டும். கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடைவெளியும் ஆழத்துக்கு வரம்பும் வேண்டும். குடிநீருக்கு முதலிடம், அடுத்து அவ்வூர்ப் பயிர், எஞ்சினால் மட்டுமே வெளிவிற்பனை என்ற வரிசை வேண்டும். நிலமில்லாதவருக்கும் நீரில் பங்கு உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தோடு நீரைக் கட்டிய 1882-இன் விதி, கையளவு நிலமும் இல்லாத கூலிக்காரரை நீருக்கும் அயலாராக ஆக்கிவிட்டது. இவற்றை அதிகாரிகள் மட்டும் செய்தால் அனுமதிச் சீட்டுக்கு அலைவதில் முடியும். ஏரி வாரியம் கண்ட நாடு நம் நாடு. கிணற்று வாரியம் காண்பது அரிதன்று. ஆனால் இம்முறை அதில் எல்லோருக்கும் இடம் வேண்டும்.

நண்பர்களே! நம்முள் பலர் இக்கல்லூரியை விட்டுச் செல்லும்போது வட்டாட்சியர் அலுவலகத்திலும் பொதுப்பணித் துறையிலும் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் பணி ஏற்போம். அப்போது ஒரு புன்செய் உழவர் நம் மேசைக்கு முன் வந்து, "என் கிணற்றுத் தண்ணீர் எங்கே போயிற்று?" என்று கேட்பார். "உங்கள் கிணறு உங்கள் நிலத்தில், அவர் கிணறு அவர் நிலத்தில்" என்று 1843-இன் விடையைச் சொல்லி அனுப்பிவிடாமல், மண்ணுக்கடியில் வரப்பு இல்லை என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அறிவியல் படித்ததன் பயன் அதுவே.

வளர்க புன்செய்! வாழ்க உழவு!